பின்சீட்டுக்காக வாங்கிய டயர்

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். பொய் கேட்பதற்குக் கூலி வாங்குகிறாய் என்று என் கணவர் கேலி செய்வார். தப்பில்லை. என்னிடம் வரும் விபத்துகளில் பாதிக்கு மேல் ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கும். அந்த நாயை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. குடித்துவிட்டு ஓட்டியவனைக் காப்பாற்ற, மைத்துனன்தான் ஓட்டினான் என்பார்கள். மைத்துனனைக் கூப்பிட்டுக் கேட்டால் கியர் எந்தக் காலில் என்று அவனுக்குத் தெரியாது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பால் கவரில்கூடத் தேதி பார்க்காமல் பாத்திரத்தில் ஊற்றாத ஆளாகிவிட்டேன். சாலை மார்க்கெட்டில் காய் நிறுப்பவர்கள் என்னைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பார்கள்.

இப்படிப்பட்டவள் டயர் வாங்கப் போனால் எப்படி இருக்கும்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பைக் மண்பாதையில் குதித்து ஓடுவதற்கென்று செய்த வண்டி. உயரமாக, ஒல்லியாக இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அதன் பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தார்ச்சாலை பைக்குகளுக்கு உள்ளதுபோல முன்னும் பின்னும் பதினேழு அங்குலச் சக்கரங்களைப் போட்டிருந்தார். இப்படி மாற்றிய வண்டியை சூப்பர்மோட்டோ என்பார்கள். ஊருக்குள் வளைந்து நெளிந்து போவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் சக்கரத்தை மாற்றிய மகானுபாவர் டயரில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தார். ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மண்பாதை டயரையே அதற்கும் தேடிப்பிடித்து மாட்டியிருந்தார். வெயில் காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கணவர் ஹையர் செகண்டரி பள்ளியில் ஃபிசிக்ஸ் வாத்தியார். கியர் வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பின்னால் ஏறிக்கொள்வார். கரமனையில் எங்கள் தெருவே வாசலில் நின்று பார்க்கும். ஆரம்பத்தில் ஒரு மாமா, வாத்தியாரை வாத்தியாரம்மா எங்கே கடத்திக்கொண்டு போகிறாள் என்று கேட்டார். இவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே, விழிஞ்ஞத்துக்கு, கப்பல் பார்க்க என்று பதில் சொன்னார். துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தால் போய்ப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. மற்ற நாட்களில் வித்துரா வழியாகப் பொன்முடி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். பாதி காற்றில் போய்விடும். போன பாதிக்கும் சேர்த்து நான் தலையாட்டுவேன். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் எங்களுக்குள் இருந்த நல்ல பேச்செல்லாம் அந்த சீட்டில்தான் நடந்தது என்று நினைக்கிறேன்.

போன ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில், வித்துரா தாண்டி ஒரு வளைவில் வழுக்கி விழுந்தோம். வேகம் ஒன்றுமில்லை. ஈர இலையும் பாசியுமாக இருந்த ஓரத்தில் பின்சக்கரம் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவருக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையை மடியில் ஏந்திக்கொண்டு, "ஸாரமில்லை, பெரிசா ஒண்ணும் ஆகலை, டயர்தான் காரணம், நீ நன்னாத்தான் ஓட்டினே" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். தெருவில் விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னார். கட்டை டயருக்குத் தரையில் படுகிற பரப்பு குறைவு என்று சிலேட்டில் எழுதாத குறையாக விளக்கினார். என்னைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவிடவில்லை.

கட்டு பிரித்த அன்று, எப்போது போகலாம் என்று கேட்டேன். "நல்ல ரோட் டயர் போட்டுடு. அன்னிக்கே ஏறிக்கறேன்" என்றார். அதிலிருந்து எனக்கு வேறு ஞாபகமே இல்லை. அவர் மறுபடி என் பின்னால் ஏற வேண்டும். அதற்குக் குறுக்கே இரண்டு டயர்கள்தான் நிற்கின்றன என்று நம்பினேன்.

எந்த டயர் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பேச்சு. எனக்கு ஒவ்வொருவர்மீதும் சந்தேகம். கூட வேலை பார்க்கும் ஒருவர், பந்தயத்தில் போடுவதுபோன்ற மெத்தென்ற ரப்பர் டயரைத்தான் போட வேண்டும், ரோட்டை ஒட்டிப் பிடிக்கும் என்றார். இவ்வளவு அக்கறை ஏன் என்று யோசித்தேன். அடுத்த வாரமே, அதிகம் ஓடாத ஒரு செட் தன் வீட்டில் சும்மா கிடப்பதாகச் சொன்னார். என் மூக்கு தப்பவில்லை. தவிர, அந்த ரப்பர் சூடேறினால்தான் பிடிக்கும். கரமனையிலிருந்து கிழக்கேக்கோட்டைக்கு சிக்னல் சிக்னலாக நின்று போவதற்குள், அதுவும் மழையில், அது எங்கே சூடேறுவது?

வண்டி பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப்காரர், பின்னால் எவ்வளவு அகலம் போடுகிறோமோ அவ்வளவு கெத்து என்றார். அவரிடம் அந்த அகல சைஸ் விற்காமல் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கணவரும் இதில் என் பக்கம். ரிம்முக்கு மிஞ்சின அகலத்தில் டயர் போட்டால் அதன் ஓரங்கள் உள்ளே இறுகி, நடுமுதுகு தூக்கிக்கொள்ளும், வளைவில் சாயும்போது வண்டி சொன்னபடி கேட்காது என்று படம் போட்டுக் காட்டினார். கடைசியில் முடிவு செய்தது சாதுவான ஒரு டயர். அகலம் மிதம். ரப்பர் நடுத்தரம். தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான வரிகள். எங்கள் ஊரில் பாதி வருஷம் மழை. ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயிண்டும், பஸ் திரும்பும் இடங்களில் சொட்டியிருக்கும் டீசலும் நனைந்தால் என்ன ஆகும் என்று என் அறிக்கைகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

அந்த சைஸை வரவழைத்துத் தருகிறவர் ஊரிலேயே ஒருவர்தான் என்று எல்லாக் கடையிலும் கை காட்டினார்கள். ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே ஒரு நீளமான இருட்டுக் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. அவருடைய மகள் என் கணவரிடம் படித்தவளாம். முதல் தடவை போனபோது எழுந்து நின்று இவரைக் கும்பிட்டார். டயர் வரவழைக்கிறேன் என்றார், என்னைப் பார்த்தே சொன்னார். டயர் சமாசாரத்தில் கடைக்காரர்கள் பொதுவாக என்னோடு வந்த ஆணிடம்தான் பேசுவார்கள். இவர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

இரண்டாம் தடவை போனபோது அந்த எண்ணம் போய்விட்டது. லோடு வரவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்பதுபோல் கணவரைப் பார்த்தார். மூன்றாம் தடவை, கடையின் பரணில் காக்கிக் காகிதம் சுற்றிய டயர் ஒன்றின் மேல் நாங்கள் கேட்ட சைஸ் எழுதியிருந்தது. அது யாருக்கு என்றேன். அது வேற, அதுல கொஞ்சம் டேமேஜ் என்று மென்று விழுங்கினார். நாலாவது தடவை பரணில் அந்த இடம் காலி. விற்றுவிட்டார், அதுவும் நம்மைவிட அதிகம் கொடுக்கிறவனுக்கு என்று வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். கணவர் என்னைச் சமாதானப்படுத்தினார். வாத்தியாருக்கு மரியாதை காட்டுகிற மனுஷன் அப்படிச் செய்யமாட்டார், பொறுத்துப் பார்ப்போம் என்றார். ஆன்லைனில் வரவழைக்கலாமா என்றால், எந்த கோடௌனில் எத்தனை வருஷம் வெந்து கிடந்ததோ, ரப்பர் இறுகிப் போயிருக்கும் என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. சந்தேகம் எனக்கே சொந்தம், அவர் அதில் பங்கு கேட்பதைக் கண்டு சந்தோஷம்கூடப்பட்டேன்.

கடைக்காரர் எதற்காகப் பொய் சொல்கிறார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இன்ஷூரன்ஸ் பொய்க்கு ஒரு லாபம் இருக்கும். வந்த சரக்கை விற்காமல் ஒளித்து வைக்கும் வியாபாரிக்கு என்ன லாபம்? பழைய டயரில் தேதியைத் தேய்த்துப் புதிதாக்குகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சாலை மார்க்கெட் அருகே ஆட்டோவில் மோதிய லாரி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்தபோது கடைகள் திறக்கும் நேரம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை தடவையும் சாயங்காலம்தான் போயிருந்தோம், கணவரோடு. ஆரியசாலைத் தமிழ்க் கடைகளில் காலையில் போணி என்பது சாதாரண விஷயம் இல்லை. முதலில் வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பார்கள். கொள்விலைக்குக்கூடக் கொடுப்பார்கள், இல்லை என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வராது. வேண்டுமென்றேதான் போனேன்.

அவர் வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். திரும்பியதும் நான் நின்றேன். கையில் பணத்தை நீட்டிக்கொண்டே, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று சைஸைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வாங்க மேடம், உக்காருங்க என்றார். சாயா சொல்லட்டுமா என்றார். போணிக்கு ஒரு ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ட்யூப் என்றார். ட்யூப் வேண்டாம், டயர் என்றேன். வால்வு மூடி? வேண்டாம். ஸார் வரவில்லையா என்று வெளியே எட்டிப் பார்த்தார். வரவில்லை என்றேன். அவர் ஊதுபத்தியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவும் முடியாமல், இருக்கிறது என்று சொல்லவும் முடியாமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் கையை மடக்கவில்லை.

பின்கட்டுக்குப் போனார். இரண்டு டயர்களையும் தானே உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

நான் குனிந்து பார்த்தது தேதியைத்தான். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். புத்தம் புதிது. தேய்க்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. நிமிர்ந்து, ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஸார்தான் மேடம் ஃபோன் பண்ணாங்க. சரக்கு வந்தாலும் வரலைன்னு சொல்லிருங்க, கொஞ்ச நாள் போகட்டும்னாங்க. எம் மகளுக்குப் படிப்பு சொல்லிக் குடுத்த மனுசன். நான் என்ன செய்யட்டும்?"

 இவ்வளவு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை.

அங்கேயே டயரை மாற்றினார்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்பு சரியாக இருக்கிறதா என்று பழக்கத்தில் பார்த்தேன், மனம் அதில் இல்லை. கிளம்பும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு ஒரு படிவாக இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடி அது தேய்கிற வரைக்கும் சாய்த்து ஓட்டாதீர்கள், பின்னால் ஆளை ஏற்றாதீர்கள் என்றார். சரி என்றேன். முதல் வியாபாரம் நடந்த நிம்மதி அவர் முகத்தில் இல்லை. ஸார்கிட்ட நான் சொன்னதா சொல்லாதீங்க மேடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கிள்ளிப்பாலம் தாண்டி வீடு வருவதற்குள் என் புத்தி போகாத இடமில்லை. வண்டியை விற்கவைக்கப் பார்க்கிறார். பெண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவதில் இவ்வளவு நாள் கழித்து வெட்கம் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நான் நன்றாகத்தான் ஓட்டினேன் என்று ஊரெல்லாம் சொன்னது பூசி மெழுகிய பேச்சு, மனசுக்குள் என்மீதுதான் குற்றம் வைத்திருக்கிறார். இதற்கு நேராகவே சொல்லியிருக்கலாமே, என்னிடம் ஏன் நாடகம்? கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடி உள்ளே பனி படிந்தது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஏன் பொய் சொன்னேள்? அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசட்டும்.

அவர் வாசலில்தான் இருந்தார், செய்தித்தாளோடு. வண்டி நின்றதும் அவர் பார்வை நேராகச் சக்கரத்துக்குப் போனது.

"வந்துடுத்தா?" என்றார்.

வந்துடுத்து என்றேன். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அவர் செய்தித்தாளை மடித்தார், மறுபடி மடித்தார், எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் அவருடைய ஹெல்மெட். நான் கூப்பிடவே இல்லை. தலையில் போட்டுக்கொண்டு, தாடைக்குக் கீழே வாரை மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. கொக்கி ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் போயின. முறிந்த கை அல்ல, நல்ல கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. "பொன்முடிக்கே போலாமா, என்ன?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அறுவைசிகிச்சைக்குக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது ஜனங்கள் வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பது அப்படித்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்மீது குற்றமும் இல்லை, வெட்கமும் இல்லை. மனுஷருக்குப் பயம். அந்த வளைவிலிருந்து இன்னும் அவர் எழுந்திருக்கவில்லை. ஏறமாட்டேன் என்று என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று, டயர்மேல் பழியைப் போட்டார். பிறகு அந்த டயர் வராமலே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். வந்துவிட்டது என்றதும், இதோ, ஏறவும் தயாராக நிற்கிறார். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 

"இன்னிக்கு முடியாது. நூறு கிலோமீட்டர் ஓடற வரைக்கும் பின்னால யாரும் ஏறப்படாதாம். கடைல சொன்னா" என்றேன்.

அப்படியா என்றார். ஒரு பெருமூச்சு வந்ததை இருமலாக மாற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றித் திண்ணைமேல் வைத்துவிட்டு, சட்டென்று குந்தி உட்கார்ந்து டயரைத் தடவ ஆரம்பித்தார். வரிகள் எப்படித் தண்ணீரைத் தள்ளும் என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவர் வாய் ஓயாமல் பேசியது அன்றுதான். ஒரு வார்த்தைகூடக் காற்றில் போகவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

டயர் மாற்றியபோது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். என் வேலைக்கு நூறு கிலோமீட்டர் என்பது மூன்று நாள் ஓட்டம். தாண்டிப்போய், அதுபோல இன்னொரு பங்கும் ஆயிற்று. டயர் அருமையாகப் பிடித்தது. நான் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன். துடைத்துக்கொண்டே வந்தவர் சாவியைத் திருப்பி, மீட்டரைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு ஒரு விரலால், மீட்டரைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து துணியை அலசியபடியே, "இன்னும் நூறு ஆகலை போலிருக்கே" என்றார்.

"ஆகலை" என்றேன்.

அன்று தனியாகத்தான் பொன்முடிக்குப் போனேன். நாங்கள் விழுந்த வளைவில் நிறுத்தவில்லை. போய்த் திரும்பினாலே நூறு தாண்டிவிடும் தூரம். சாயங்காலம் தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டி, அவர் பார்ப்பதற்கு முன்னால் மீட்டரை நானே பூஜ்யமாக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.